மாதச் சம்பளத்தில் ஒரு டிசைனர்: செட்டிநாட்டுக் கம்பெனிகளுக்குள் வடிவமைப்பு வேலை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மசாலா, பலகாரம், ஜவுளி, நகை, ஹோட்டல், கல்லூரி என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் நீண்ட காலம் டிசைன் என்பது வாசலுக்கு வெளியே நடந்த வேலை. நோட்டீஸ் என்றால் டி.டி.பி. சென்டர், பெட்டி என்றால் சிவகாசி அச்சகம், போர்டு என்றால் ஆர்ட்டிஸ்ட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில். இப்போது அதே நிறுவனங்கள் ஒருவரைச் சம்பளத்துக்கு உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓர் அளவு, ஆன்லைன் விற்பனைக்கு ஒரு படம், ஏற்றுமதிக்கு ஒரு லேபிள், தினமும் இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று என வேலை பெருகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வெளியே காசு கொடுப்பது கட்டுப்படியாகவில்லை.

முதலாளிக்கு இது லாபக் கணக்கு. டிசைனரின் சிக்கல்கள் எல்லாம் தொடங்குவதும் இதே கணக்கில்தான். வெளியே கொடுத்த வேலைக்கு விலை இருந்தது. விலை இருந்ததால் கேட்பவர் யோசித்துக் கேட்டார். மூன்றாவது திருத்தத்துக்கு டி.டி.பி. கடைக்காரர் கூடுதல் காசு கேட்டார். அதற்குப் பயந்தே திருத்தங்கள் நின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கக் காசு வேண்டாம். அதனால் விற்பனைப் பிரிவு ஐந்து மாதிரி கேட்கும், கணக்குப் பிரிவு புது வவுச்சர் கேட்கும், மனிதவளப் பிரிவு பிறந்தநாள் வாழ்த்து கேட்கும். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. எல்லாமே “அவசரம்”. இல்லாமல் போன அந்த விலைக்குப் பதிலாக வேறு கட்டுப்பாடுகளை உருவாக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் நிலைக்கிறார். வரையத் தெரிந்தால் மட்டும் போதாது.

கேட்பதற்கும் ஒரு தாள்

முதல் கட்டுப்பாடு, வாய்மொழியாக வரும் வேலையைத் தாளுக்குக் கொண்டுவருவது. அரைப் பக்கம் போதும். என்ன பொருள், முடிந்த அளவு எத்தனை மில்லிமீட்டர், எந்த முறையில் எங்கே அச்சாகும், எத்தனை எண்ணிக்கை, என்றைக்குக் கையில் வேண்டும், இறுதி ஒப்புதல் யாருடையது. இவற்றோடு, சரிபார்த்து டைப் செய்த முழு உரையும் இணைந்திருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். “நீங்க டிசைனைப் போடுங்க தம்பி, மேட்டரை அப்புறம் தர்றேன்” என்று தொடங்கிய வேலை இரண்டு மடங்கு நேரம் தின்னும். நான்கு வரிக்கு ஒதுக்கிய இடத்தில் பதினொரு வரி வந்து விழும்போது முழு அமைப்பையும் கலைக்க வேண்டியிருக்கும்.

அளவும் அச்சு முறையும் முன்பே தெரிய வேண்டியதற்குக் காரணம் உண்டு. ஆஃப்செட்டில் அச்சாகும் பெட்டிக்குப் படம் அச்சாகும் அளவிலேயே 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும், சாலையோர 12 × 8 அடி ஃப்ளெக்ஸுக்கு 72 முதல் 100 போதும். ஆர்ட் பேப்பரில் ஒரே இடத்தில் விழும் நான்கு நிற மையின் சதவீதங்களையும் கூட்டினால் 300 வரை தாங்கும். நாளிதழ்த் தாளில் 240-ஐத் தாண்டினால் மை ஊறிப் படம் இருண்டுவிடும். பெட்டிக்குச் செய்த ஆர்ட்வொர்க்கை அப்படியே நாளிதழ் விளம்பரத்துக்கு அனுப்பும்போது, பளபளத்த மிளகாய்த்தூள் சேறு போல வருவது இதனால்தான்.

இரண்டாவது கட்டுப்பாடு ஒப்புதல். குடும்ப நிறுவனங்களில் இது தனிக் கலை. பெரிய ஐயா பார்த்துச் சரி என்பார். சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பிவந்த மகன் அதைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் மாடர்னா இருக்கலாமே” என்பார். பலகாரத்தின் கைப்பக்குவத்துக்கே பொறுப்பான ஆச்சி, “தேன்குழல் இப்படியா சிவந்திருக்கும்?” என்று கேட்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். மூன்றும் மூன்று நாளில், மூன்று போன்களில் வருவதுதான் கேடு. அச்சாகும் அளவிலேயே ஒரு பிரின்ட் எடுத்து, பழைய பாக்கெட்டின் மேல் ஒட்டி, போட்டிக் கம்பெனிப் பாக்கெட்டுகளோடு அலமாரியில் வைத்து, மூவரையும் ஒரே நேரத்தில் நிற்கவைத்துக் காட்டினால் பாதிக் கருத்து வேறுபாடு அங்கேயே கரையும். மீதியை அந்தப் பிரின்டிலேயே பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். காட்டும் மாதிரி இரண்டு இருந்தால் போதும். ஐந்து காட்டினால் முதலாவதன் எழுத்தையும் நான்காவதன் நிறத்தையும் சேர்த்து ஆறாவது ஒன்றைக் கேட்பார்கள்.

வாட்ஸ்அப் ஒப்புதலை முழுதாகத் தவிர்க்க முடியாது. ஆனால் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்து மங்கும், டாக்குமென்ட்டாக, பி.டி.எஃப். ஆக அனுப்ப வேண்டும். போன் திரையில் நிறம் பார்த்துத் தந்த ஒப்புதலை நிறத்துக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு சிவப்பைக் காட்டும். நிறத்துக்கு அச்சகம் தரும் சோதனை அச்சான புரூஃப் ஒன்றே சாட்சி. அதையும் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காமல், 5000 கெல்வின் விளக்கிலோ, நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்திலோ பார்க்க வேண்டும்.

பவுச்: காசு உண்மையில் எரியும் இடம்

டிசைனரின் நேரம் முதலாளி கண்ணுக்கு இலவசமாகத் தெரியலாம். சிலிண்டர் அப்படி இல்லை. முறுக்கு, சீடை, மசாலாப் பொடி அடைக்கும் லேமினேட் பவுச்சுகள் பெரிய எண்ணிக்கையில் கிராவியர் முறையில்தான் அச்சாகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் செம்பு பூசிய ஓர் எஃகு உருளையில் டிசைனைச் செதுக்கி, மேலே குரோமியம் பூசுகிறார்கள். ஏழு நிறம் என்றால் ஏழு சிலிண்டர். கறுப்பு எழுத்தில் ஒரே ஒரு எண் தவறினாலும் கறுப்புச் சிலிண்டரைப் புதிதாகச் செய்ய வேண்டும். அந்த எண், நிறப் பின்னணிக்குள் வெள்ளையாக விட்ட எழுத்தில் இருந்தால், பின்னணியில் கலந்த எல்லா நிறத்தின் சிலிண்டர்களும் போச்சு. ஆகவே மாறக்கூடிய எதையும் தனிக் கறுப்பில், வெளிர் பின்னணியில் வைப்பது அடிப்படை விதி. முகவரி, கஸ்டமர் கேர் எண், உரிம எண், பொருட்பட்டியல் எல்லாம் இதில் அடங்கும். இன்னும் அடிக்கடி மாறுபவற்றைச் சிலிண்டரிலேயே ஏற்றக் கூடாது. எம்.ஆர்.பி., பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதித் தேதி ஆகியவற்றுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் விட்டு, பேக்கிங் நேரத்தில் இங்க்ஜெட் கோடரால் அடித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தின் மேல் வார்னிஷ் ஓடினால் மை ஒட்டாது, விரல் பட்டால் அழியும். இதை அச்சகத்துக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

எம்.ஆர்.பி.யை அச்சிட்டுவிட்டு விலை ஏறியதும் மேலே ஸ்டிக்கர் ஒட்டலாம் என்ற நினைப்பு பல இடங்களில் உண்டு. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருட்கள்) விதிகள் அதை அனுமதிப்பதில்லை. விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம். அதுவும் பழைய விலையை மறைக்காமல். 2022-இலிருந்து எம்.ஆர்.பி.யோடு ஓர் அலகின் விலையும் வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் அது ஒரு கிராமின் விலை. 200 கிராம் தட்டை 90 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.45 ரூபாய். எம்.ஆர்.பி.யை 95 ஆக்கினால் இது 0.48 ஆக வேண்டும். கோடரில் மேல் வரியை மட்டும் மாற்றிவிட்டுக் கீழ் வரியை மறப்பது வாடிக்கையான தவறு. இரண்டும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து வரும்படி அமைத்தால் ஆபரேட்டர் கண்ணில் படும்.

தமிழில் மட்டும் லேபிள் போடலாமா என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழும். கூடாது. எடையளவு விதியும் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ கேட்கின்றன. தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். கடையின் பெயர்ப்பலகையில் நிலைமை நேர்மாறு. அங்கே தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம். உள்ளூர் டிசைனர் இரண்டையும் செய்பவர் என்பதால் இரண்டு விதியும் கைவசம் இருந்தாக வேண்டும்.

சைவ உணவு என்று காட்டும் பச்சைப் புள்ளியின் அளவும் முகப்பின் பரப்பைப் பொறுத்தது. 100 சதுர செ.மீ. வரை வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ.; 500 வரை 4; 2500 வரை 6; அதற்கு மேல் 8. சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் விட்டத்தைப் போல் இரு மடங்கு. 160 × 220 மி.மீ. பவுச்சின் முகப்பு 352 சதுர செ.மீ.; ஆக 4 மி.மீ. வட்டம், 8 மி.மீ. சதுரம். 100 கிராம் பாக்கெட்டின் ஆர்ட்வொர்க்கை நகலெடுத்து ஒரு கிலோவுக்கு மாற்றும்போது, படத்தைப் பெரிதாக்கிவிட்டு இந்தச் சின்னத்தையும் நிகர எடையின் எண்ணையும் பழைய அளவிலேயே விட்டுவிடுவது கவனிக்க வேண்டிய இடம். எடை கூடினால் அந்த எண்ணின் உயரமும் கூட வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை யாரும் திரும்ப டைப் செய்யக் கூடாது, உரிமத்தின் பி.டி.எஃப்.-இலிருந்து நகலெடுப்பதே பத்திரம். பொருட்பட்டியல் எடையின் இறங்குவரிசையில் வர வேண்டும். முகப்பில் நெய்க் கிண்ணம் படமாக இருந்து, பின்புறப் பட்டியலில் பாமாயில் இருந்தால் அது டிசைனரின் அழகுணர்ச்சிக்குள் முடிகிற பிரச்சினை இல்லை. அதை முதலாளியிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, பவுச்சின் உடம்பைப் புரிந்துகொள்வது. திரையில் தட்டையாகத் தெரிவது கடையில் தட்டையாக இருக்காது. பலகாரப் பவுச்சில் நைட்ரஜன் அடைத்தால் அது உப்பும். ஓரத்தில் 15 மி.மீ. வரை வளைந்து பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். மேலும் கீழும் ஒட்டும் பட்டையில் சூடும் அழுத்தமும் படுவதால் அங்கே எழுத்து வைக்கக் கூடாது. தலையணை வடிவப் பவுச்சில் பின்புறம் நடுவே ஓர் ஒட்டு ஓடும். 160 மி.மீ. அகலப் பவுச்சுக்கு ஒட்டுக்காக இருபுறமும் 10 மி.மீ. விட்டால் பவுச் செய்யும் பிலிமின் மொத்த அகலம் 340 மி.மீ. முகப்பு நடுவில், பின்புறம் இரண்டு பாதிகளாகப் பிரிந்து இருபுறமும் இருக்கும். சத்து விவரப் பட்டியலை இந்த ஒட்டின் குறுக்கே வைத்துவிட்டு, கடைசியில் இரண்டு துண்டாகப் பார்த்தவர்கள் உண்டு. பேக்கிங் இயந்திரத்தின் சென்சார் பிலிமை எங்கே வெட்டுவது என்று அறிய ஓரத்தில் ஒரு கறுப்பு ஐ-மார்க் வேண்டும். அந்த ஓடுபாதை முழுவதும் வேறு எந்த அடர்நிறமும் வரக் கூடாது. வந்தால் இயந்திரம் அதை மார்க் என்று நினைத்து நடுவிலேயே வெட்டும். இந்த அளவுகளை டிசைனர் தாமே முடிவு செய்யாமல், பேக்கிங் பிரிவுக்குப் போய் இயந்திரத்தை ஓட்டும் அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அச்சு பிலிமின் உட்புறத்தில் தலைகீழாக ஓடும். எல்லா நிறத்துக்கும் பின்னால் வெள்ளை வரும். வெள்ளை இல்லாத இடத்தில் அடுத்த அடுக்கின் உலோகப் பளபளப்பு தெரியும். தங்க நிறம் வேண்டிய இடத்தில் வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளை ஓட்டினாலே போதும்; ஃபாயில் செலவு மிச்சம். ஆனால் இது திரையில் தெரியாது. எங்கே வெள்ளை, எங்கே இல்லை என்பதைத் தனி லேயராகக் கொடுக்காவிட்டால் அச்சகம் எல்லா இடத்திலும் வெள்ளை அடித்துவிடும்.

பார்கோடு: கடைப் பொருட்களில் வரும் 13 இலக்க ஈ.ஏ.என்.-13 குறியீட்டின் முழு அளவு, ஓர வெற்றிடத்தோடு 37.29 மி.மீ. அகலம். 80 சதவீதம் வரை குறைக்கலாம். அதாவது சுமார் 29.8 மி.மீ. அதற்குக் கீழே போகக் கூடாது. முழு அளவில் இடப்புறம் 3.6 மி.மீ.யும் வலப்புறம் 2.3 மி.மீ.யும் வெற்றிடம் இருக்க வேண்டும். இடம் நெருக்கும்போது டிசைனர் முதலில் கைவைப்பது இந்த வெற்றிடத்தில்தான், ஸ்கேனர் முதலில் தடுமாறுவதும் அதில்தான். கோடுகள் சிவப்பில் வந்தால் சிவப்பு ஒளி ஸ்கேனருக்கு அவை வெள்ளையாகத் தெரியும். கோடுகள் பிலிம் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கட்டும். மை சற்று இழுபட்டாலும் கோட்டின் நீளம்தான் கூடும், தடிமன் மாறாது. எண்ணை, பார்கோடு எண்களை ஒதுக்கும் அமைப்பான ஜி.எஸ்.1 இந்தியா தரும், 890-இல் தொடங்கும். ஒவ்வோர் எடைக்கும் தனி எண். 100 கிராமின் எண்ணே 200 கிராமுக்கும் போய்விட்டால், சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பாக்கெட் சின்ன விலைக்கு பில் ஆகும். நிறுவனத்துக்குத் தெரிய வரும்போது பாதிச் சரக்கு விற்றிருக்கும்.

தமிழ் எழுத்து உடையும் இடங்கள்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றது. ஆனால் பல அச்சகக் கணினிகளில் இன்றும் பழைய குறியீட்டு எழுத்துருக்கள் வாழ்கின்றன. அவற்றில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மாட்டிய முகமூடி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று புரியாத ஆங்கிலம் மட்டும் நிற்கும். பழைய லேபிள் கோப்பைத் திறந்து உரையை நகலெடுக்க முயலும் புது டிசைனர் முதல் வாரத்திலேயே இதில் மாட்டுவார். மாற்றித் தரும் நிரல்கள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு முறை முழுதாக மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும், குறிப்பாக ஒகர, ஓகாரக் குறிகளையும் கிரந்த எழுத்துகளையும்.

யூனிகோடில் வேறு வகைச் சிக்கல். அடோபி மென்பொருள்களில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் தவறான இடத்தில் போய் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் முன்னுரிமைகளில் இந்திய மொழி விருப்பங்களைக் காட்டும்படி அமைத்த பிறகே அது கண்ணில் படும். சிவகாசியிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிரா பரவலாக ஓடுவதால், அனுப்பும் கோப்பில் எழுத்தை ‘கர்வ்’ ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, அனுப்புவதே வழக்கம். அப்படி ஆக்கும் முன் திருத்தக்கூடிய கோப்பைத் தனியாகச் சேமிக்க வேண்டும். கர்வ் ஆக்கிய கோப்பு மட்டும் மிஞ்சியதால், ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற முழு லேபிளையும் மறுபடி டைப் செய்வது எவ்வளவோ அலுவலகங்களில் நடக்கும் கூத்து.

எழுத்துருவைத் தேர்வதில் உரிமம் முதலில். முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், பலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. இணையத்தில் எங்கோ இறக்கிய அலங்கார எழுத்துருவை லோகோவில் வைத்தால் பின்னால் வழக்காக முளைக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லாததால் தலைப்பை வேறுபடுத்தத் தடிமனும் அளவும்தான் உண்டு. தடிமனைக் கூட்டினால் ணை, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். மேலே கீ, கீழே தூ என்று இரு பக்கமும் நீள்வதால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.4 முதல் 1.5 மடங்கு வேண்டும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியை இழுத்துவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரியும். வரி மடியும்போது புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் வரக் கூடாது. ‘முறுக்கு’ என்பதை ‘முருக்கு’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகள் கடைகளில் இன்றும் தொங்குகின்றன. மெய்ப்புப் பார்க்கத் தமிழ் படித்த ஒருவரை, டிசைனரே அல்லாத ஒருவரை, நியமித்தால் தவிரும்.

இந்த ஊருக்கே உரிய ஒன்று விலாசம். நகரத்தார் பெயர்களின் முன்னால் மெ.ராம.சுப. என்பதுபோல் மூன்று நான்கு தலைமுறையின் எழுத்துகள் நிற்கும். புள்ளிக்குப் பின் மென்பொருள் வரியை மடித்து, பாதி விலாசம் மேல் வரியிலும் மீதி கீழ் வரியிலுமாகப் பிரித்துவிடும். மடியாத இடைவெளி போட்டுக் கட்டிவைக்க வேண்டும். அறுபதாம் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம், புதுமனை என்று குடும்ப அழைப்பிதழ்களும் கம்பெனி டிசைனரின் மேசைக்கே வரும். யார் பெயருக்கு அடுத்து யார் பெயர் என்பதில் தவறினால் அதைவிடப் பெரிய தவறு அந்த ஆண்டில் வேறு இராது. வரிசையை டிசைனர் ஊகிக்காமல், பெரியவர் ஒருவர் கைப்பட எழுதித் தந்த தாளை வாங்கிக்கொள்வது நல்லது. இந்தக் குடும்ப வேலைகளையும் அதே அரைப் பக்கத் தாளில் பதிவு செய்துவிட்டால், மாதக் கடைசியில் “லேபிள் ஏன் தாமதம்?” என்ற கேள்விக்குப் பதில் தாளிலேயே இருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லை எல்லாரும் ஒட்டினால்

செட்டிநாடு என்றதும் ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு என்று மூன்று படம் எல்லார் கண்ணிலும் நிற்கிறது. விளைவு: மசாலா, ஹோட்டல், புடவை எல்லாமே ஒரே பூக்கோலப் பின்னணியில் வருகின்றன. அலமாரியில் நான்கு கம்பெனிகளை ஒன்றாக வைத்தால் எது எது என்று பிரிக்க முடியாது. தனித்துத் தெரிய வேண்டிய இடத்தில் கூட்டத்தோடு கரைவதற்கா தனி டிசைனர்?

இதில் தொழில்நுட்பக் காரணமும் சேர்கிறது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சு வைத்து, நிறச் சிமென்ட் குழம்பை ஒவ்வொரு அறையிலும் கையால் ஊற்றிச் செய்வது. அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றின் விளிம்பில் மற்றொன்று லேசாகக் கசிந்து நிற்கும். அழகே அந்தக் கசிவில்தான். அதைக் கணினியில் கூர்மையான கோடுகளாக வரைந்து, 8 மி.மீ. சதுரமாகச் சுருக்கி, பவுச் முழுவதும் பரப்பினால் அச்சில் நிறங்கள் சற்று விலகும்போது கோடுகளுக்கிடையே வெள்ளைக் கீற்றுகள் தெரியும். பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் ஒரே ஒரு கல்லைப் பெரிதாக எடுக்கலாம். இரண்டு மூன்று நிறத்தோடு நிறுத்தி, அடுத்தடுத்த நிறங்களை ஒன்றின் மேல் ஒன்று இம்மியளவு ஏற்றிவிடலாம்.

மாற்று மூலங்கள் ஊருக்குள்ளேயே நிறைய. கண்டாங்கிச் சேலையின் கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு ஆகிய மூன்று நிறமும் அகலக் கரையும் கட்டமும் நான்கு நிற அச்சில் சுலபமாக வரும். பனையோலைக் கூடையான கொட்டானின் பின்னல், பேரேட்டுக் கணக்கில் தமிழ் எண்களின் வரிசை, எவர்சில்வருக்கு முந்தைய பித்தளைத் தூக்குகளின் வடிவம் இவையெல்லாம் இன்னும் தேயவில்லை. ஒரு எச்சரிக்கை: காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறச் சேர்க்கையை எடுத்தாள்வது வேறு. விசைத்தறிச் சேலையின் அட்டையில் அந்தப் பெயரை வைப்பது வேறு. பதிவு பெற்ற பயனாளர் அல்லாதவர் பெயரையோ சின்னத்தையோ பயன்படுத்தக் கூடாது.

சாமி படம் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் இடையே தொழில் நடத்துபவர் பெயரில் சாமி இருப்பது இயல்பு. ஆனால் பாக்கெட் கிழிபட்டுக் குப்பையில் போகும் என்பதால் பல குடும்பங்கள் உருவத்தை லேபிளில் வைக்கச் சம்மதிப்பதில்லை; லெட்டர்ஹெட்டிலும் பில் புத்தகத்திலும் பிள்ளையார் சுழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலிண்டர் செய்த பிறகு தெரியவந்தால் செலவு.

பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுதல்

தீபாவளிப் பவுச் தாமதமானால் அடுத்த தீபாவளி வரை அது பயனில்லாத பிலிம். கடைக்குச் சரக்கு 20 நாள் முன்பே போக வேண்டும். பேக்கிங்குக்கு 10 நாள். அச்சு, லேமினேஷன், பசை இறுகும் நேரம், பவுச் வெட்டுதல், லாரி எல்லாம் சேர்த்து 12. சிலிண்டருக்கு 10. ஒப்புதலுக்கு 10, அது குடும்ப நிறுவனம் என்பதால். டிசைனுக்கும் உரைச் சரிபார்ப்புக்கும் 15. கூட்டினால் 77 நாள். ஐப்பசி தொடக்கத்திலேயே தீபாவளி வரும் ஆண்டில் இது ஆடிப்பெருக்கில் போய் நிற்கிறது. அதே ஆடிப்பெருக்கில்தான் சிவகாசியில் புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். அதன்பின் மார்கழி வரை அங்கே இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. பெட்டியும் காலண்டரும் ஒரே அச்சகத்தில் என்றால் ஆவணியில் போய் நின்று கெஞ்ச வேண்டிவரும்.

இன்னொன்றையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். முதல் ஆர்டரில் நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்திடும் முதலாளிகள் இங்கே அதிகம். ராகுகாலத்தில் கோப்பை அனுப்ப விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை 3 மணி முதல் 4.30 வரை ராகுகாலம். அச்சகத்தின் அன்றைய கடைசி நேரம் 4 மணி என்றால் ஒரு நாள் போனது போனதுதான். காலையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவதில் என்ன கஷ்டம்?

யாருடைய சொத்து

சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாகச் செய்த டிசைனின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி நிறுவனத்துக்கே. வேறு வேலைக்குப் போகும்போது காட்ட மாதிரிகள் வேண்டுமென்றால் சேரும்போதே கடிதத்தில் ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: வெளியான வேலைகளை மட்டும், விற்பனைக்காக அல்லாமல் காட்ட அனுமதி. இதற்கு நேர்மாறான பள்ளம் நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. பழைய லோகோவை முப்பது ஆண்டு முன் வெளி ஆர்ட்டிஸ்ட் ஒருவர் வரைந்திருப்பார். எழுத்தில் எந்த உரிமை மாற்றமும் இராது. வணிகச்சின்னப் பதிவுக்குப் போகும் முன் அந்த உரிமை மாற்றத்தை அவரிடம் எழுதி வாங்கிவிட வேண்டும். அந்தப் பதிவில் மசாலாவும் பலகாரமும் 30-ஆவது வகுப்பு, ஆயத்த ஆடை 25, ஹோட்டல் 43. பதிவு முடியாமல் வட்டத்துக்குள் ஆர் போட்டு அச்சிடுவது 1999-ஆம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி அபராதத்துக்கு உரிய மீறல், அதுவரை டி.எம். மட்டுமே. “சும்மா போடுங்க, பார்க்க நல்லா இருக்கும்” என்று சொல்பவருக்கு இந்தப் பிரிவு எண்ணைக் காட்டினால் போதும்.

ஆண்டுச் சம்பள உயர்வின்போது டிசைனர் என்ன சாதித்தார் என்பதைக் காட்டுவது கடினம். அழகைக் கணக்கில் ஏற்ற முடியாது. ஏற்றக்கூடியவை வேறு: எத்தனை வேலை வந்தது, எது எந்தப் பிரிவிலிருந்து, ஒவ்வொன்றும் எத்தனை சுற்றில் முடிந்தது, எத்தனை சிலிண்டரை மறுபடி செய்ய நேர்ந்தது, வெளியே கொடுத்திருந்தால் கொட்டேஷன் என்ன ஆகியிருக்கும். அந்த அரைப் பக்கத் தாள்களின் கட்டு இதற்குத்தான். அது இல்லாத இடத்தில், “நாள் பூராவும் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்காரு” என்பதே மதிப்பீடாக முடியும். யாருக்குக் கீழே வேலை என்பதும் இதைத் தீர்மானிக்கும். விற்பனைப் பிரிவுக்குக் கீழே இருந்தால் போஸ்டர்தான் வேலை. கணினிப் பிரிவுக்குக் கீழே என்றால் பிரின்டர் பழுதும் சேர்ந்து வரும். முதலாளிக்கு நேரடியாக, ஆனால் வேலைத் தாள் ஒரே ஒருவர் வழியாக மட்டும் வரும்படி அமைவது நடைமுறையில் சிறந்தது.

விட்டுப்போகும் நாளில் ஒப்படைக்க வேண்டியவை: திருத்தக்கூடிய கோப்புகள், கர்வ் ஆக்கிய கோப்புகள், எழுத்துருக்களும் அவற்றின் உரிமங்களும், கையெழுத்திட்ட பிரின்ட்கள், பார்கோடு எண்களின் பட்டியல். கோப்புப் பெயரில் தேதி முதலில், பொருள், எடை, திருத்த எண் என்ற வரிசை. ‘ஃபைனல்’ என்ற சொல் எந்தப் பெயரிலும் இருக்கக் கூடாது. கடைசியாக ஒன்று, பலரும் மறப்பது: சிலிண்டர்கள் எந்த அச்சகத்தின் கிடங்கில், எந்த எண்ணில் இருக்கின்றன, அவற்றுக்குக் காசு கொடுத்தது யார் என்ற பட்டியல். அச்சகத்தை மாற்ற நினைக்கும் நாளில் அந்தத் தாள் இல்லையென்றால், சொந்தக் காசில் செய்த சிலிண்டரையே மறுபடி காசு கொடுத்துச் செய்ய வேண்டிவரும்.